சமூகப்பணியில் ஜாயிண்ட் பிஎச்.டி. போக நினைக்கிற கொங்குப் பிள்ளைகளுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுகலை முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவிலோ, ஈரோட்டுப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்திலோ இரண்டு மூன்று வருஷம் ஓட்டியவர்களுக்குத்தான் பெரும்பாலும் பிஎச்.டி. ஆசை வருகிறது. அதில் சில பேர் தேடித் தேடிப் பார்த்து, அமெரிக்காவில் சமூகப்பணியையும் சமூகவியலையும் சேர்த்து ஒரே டாக்டர் பட்டமாகத் தருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டு, "இதுக்கு என்னங்க தகுதி வேணும், உள்ளே போனா என்னென்ன முடிக்கணும்?" என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் விதிக் கையேட்டைத் திறந்தால் முதல் பத்துப் பக்கத்திலேயே சலிப்புத் தட்டிவிடும். அதனால் நம்ம ஊரிலிருந்து கிளம்புகிற ஒருவருக்கு எது முதலில் தேவையோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு துறை சேர்ந்த ஜாயிண்ட் என்றால் இதில் பாதி, அதில் பாதி என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கத்து நிபந்தனைகளையும் ஏறக்குறைய முழுசாக முடிக்க வேண்டும், ஆய்வேடு மட்டும்தான் ஒன்று. இது தெரியாமல் "ரெண்டு டிகிரி ஒரே செலவுல" என்று கணக்குப் போட்டுப் போனவர்கள் மூன்றாவது வருஷத்தில் திணறுவார்கள்.

எந்த வகை ஜாயிண்ட்?

இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு துறைகள் சேர்ந்து நடத்துவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணி - சமூக அறிவியல் கூட்டு முனைவர் படிப்பு இதற்குப் பழைய உதாரணம், 1957இலிருந்து நடக்கிறது. சமூகப்பணியோடு சமூகவியல், உளவியல், அரசியல் அறிவியல், பொருளாதாரம், மானுடவியல் என்று ஏதாவது ஒரு துறையைச் சேர்த்துப் படிப்பார்கள். இரண்டாவது, இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சமூகப்பணியில் ஒரே பட்டம் தருவது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகமும், கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகமான ஏ அண்ட் டி-யும் கைகோத்து நடத்துகிற படிப்பு அந்த ரகம். மூன்றாவது, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 கூட்டுப் பட்ட விதிகளின்படி சேர்ந்து தருவது.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் வகையில் இரண்டு துறைகளும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சமூகப்பணி சரி என்று சொல்லி, பொருளாதாரம் வேண்டாம் என்றால் ஜாயிண்ட் கிடையாது. இரண்டாவதில் பாடம் ஒன்றுதான், வளாகம்தான் இரண்டு. மூன்றாவதில் எல்லாமே இரு நிறுவனங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு குழப்பம் டி.எஸ்.டபிள்யூ., அதாவது டாக்டர் ஆஃப் சோஷியல் வொர்க். இதுவும் டாக்டர் பட்டம்தான், ஆனால் களத்தில் வேலை செய்கிறவர்கள் தலைமைப் பொறுப்புக்குப் போவதற்கானது. பல இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே, கைக்காசு கட்டிப் படிப்பது. ஆராய்ச்சி, பேராசிரியர் வேலை என்று நினைப்பவர்களுக்கு பிஎச்.டி.தான். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இல்லாமல் கிளம்பாதீர்கள்

பாஸ்போர்ட், ஐஇஎல்டிஎஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது ஆய்வுக் கேள்வி. அதுவும் இரண்டு துறையும் இல்லாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி. "திருப்பூரில் பெண் தொழிலாளர்களின் நிலை: ஓர் ஆய்வு" என்பது கேள்வியே அல்ல, தலைப்பு. நம் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. பிராஜெக்ட்டுக்கு அது செல்லும், அங்கே முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும்.

எப்படி இருக்க வேண்டும் என்றால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது நினைவிருக்கும். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுப்போன கதையின் ஒரு திருப்பம் அது. பட்டறை நின்ற மாதங்களில் கூலிக் குடும்பங்கள் கடன், நகை, பிள்ளைகளின் படிப்பு என்று எதை முதலில் விட்டுக்கொடுத்தன, யார் மீண்டார்கள், யார் மீளவில்லை, அதில் ரேஷனுக்கும் சங்கத்துக்கும் சொந்தபந்தத்துக்கும் என்ன பங்கு என்று கேட்டால், குடும்பம் முடிவெடுப்பதை அளக்கப் பொருளாதாரம் வேண்டும், என்ன மாதிரி உதவி எப்போது கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்கும் என்று பார்க்க சமூகப்பணி வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் ஆய்வு நொண்டும். இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் ஜாயிண்ட் படிப்புக்கு நீங்கள் சரியான ஆள். பள்ளிபாளையம் விசைத்தறியில் முன்பணக் கடன், பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்த மொழியில் பள்ளிக்கூடம் போகிறார்கள், தாளவாடி மலையில் பழங்குடிப் பிள்ளைகள் விடுதியிலிருந்து ஏன் ஓடி வருகிறார்கள் என்று நம்மைச் சுற்றி விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்படி ஒன்றும் தோன்றவில்லை, சமூகப்பணி மட்டும் போதும் என்று பட்டால் தனி பிஎச்.டி.க்கே போடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை, ஒன்றிரண்டு வருஷம் மிச்சம்.

விண்ணப்பம்

அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரிக்குள் கடைசித் தேதி, வகுப்பு அடுத்த ஆகஸ்டில். ஆடிநோம்பி முடிந்த கையோடு ஆரம்பித்தால் கார்த்திகை தீபத்துக்குள் எல்லாம் போய்ச் சேரும். தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு பார்த்துக்கலாம் என்று விட்டால் டிரான்ஸ்கிரிப்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் ஏன் இழுக்கும் என்றால், கோயம்புத்தூர் வட்டாரத்தில் பாதிப் பேர் தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள். மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வரும், டிகிரிச் சான்றிதழ் பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரி என்றால் பெரியார் பல்கலைக்கழகம். இரண்டு இடத்திலும் தனித்தனியாக மனு, தனித்தனியாகக் கட்டணம். உறையில் சீல் வைத்து வாங்க வேண்டுமா, நேராக மின்னஞ்சலில் அனுப்பச் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் விண்ணப்பிக்கிற இடத்தில் கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள், இல்லையென்றால் இரண்டு நடை.

எம்.எஸ்.டபிள்யூ. கட்டாயமா? சமூகப்பணியில் தனி பிஎச்.டி. தருகிற பல இடங்களில் அது வேண்டும், படிப்புக்குப் பிந்தைய கள அனுபவம் இரண்டு வருஷமாவது இருந்தால் நல்லது என்பார்கள். மிச்சிகன் மாதிரி ஜாயிண்ட் படிப்பில் எம்.எஸ்.டபிள்யூ. இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், உள்ளே போய் அதையும் சேர்த்து முடிக்க வழி உண்டு. நம் எம்.எஸ்.டபிள்யூ.வை அங்கத்திய எம்.எஸ்.டபிள்யூ.வுக்குச் சமம் என்று மதிப்பிட்டுச் சொல்ல அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்விக் கவுன்சிலில் தனிச் சேவையே இருக்கிறது. அங்கே எம்.எஸ்.டபிள்யூ.வுக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி கேட்கிறார்கள். அதனால் நீங்கள் வாரம் இரண்டு நாள் போன ஃபீல்டு வொர்க், கடைசியில் தொடர்ச்சியாகப் போன பிளாக் பிளேஸ்மென்ட் எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம் என்று ஹெச்.ஓ.டி. கையெழுத்தோடு ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பரண் மேல் கிடக்கிற அந்த ஃபீல்டு வொர்க் ரெக்கார்டு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஏஜென்சி, என்ன கேஸ் வொர்க், சூப்பர்வைசர் சிவப்பு மையில் என்ன எழுதினார் என்று அதில்தான் இருக்கிறது.

இங்கே நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். கொங்குப் பகுதியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்களில் நிறையப் பேர் மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுப்பார்கள், மில்லும் கம்பெனியும் இருக்கிற ஊரில் அது இயல்பு. ஆனால் தொழிலாளர் சட்டம், சம்பள நிர்வாகம் என்று போகும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் அமெரிக்கப் பேராசிரியருக்கு இது சமூகப்பணிதானா என்ற சந்தேகம் வரும். நீங்களே முந்திக்கொண்டு எஸ்.ஓ.பி.யில் (ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதும் நோக்கக் கட்டுரை) இரண்டு வரி சொல்லிவிடுங்கள்: இந்தியாவில் தொழிலாளர் நலம் சமூகப்பணியின் ஒரு கிளையாகவே வளர்ந்தது, தொழிற்சாலைச் சட்டம் 1948 பெரிய ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்றது, அந்த வேலைக்கு ஆள் தயார் செய்யத்தான் இந்தப் பாடம் வந்தது என்று. குறை மாதிரி தெரிந்தது பலமாக மாறிவிடும்.

எஸ்.ஓ.பி.யில் சின்ன வயதில் ஏழைகளைப் பார்த்து மனம் இளகியது, அப்துல் கலாம் பொன்மொழி இதெல்லாம் வேண்டாம். கேள்வி என்ன, அது ஏன் இரண்டு துறையும் கேட்கிறது, அந்தத் துறையில் யாருடைய வேலையோடு ஒட்டுகிறது, உங்களிடம் ஏற்கெனவே என்ன கள அனுபவம் இருக்கிறது, அவ்வளவுதான். பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். "இவர் நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்" என்று முதல்வர் லெட்டர்பேடில் தரும் கடிதத்தால் பயனில்லை. உங்கள் பிராஜெக்ட்டை வரி வரியாகத் திருத்திய ஆசிரியர், உங்களோடு ஊர் ஊராக அலைந்த திட்ட அலுவலர், இவர்கள் எழுதுவதுதான் எடுபடும். ஜிஆர்இ எனும் நுழைவுத் தேர்வை மிச்சிகன் பிஎச்.டி.க்குக் கேட்பதில்லை, வேறு சில இடங்கள் கேட்கலாம். டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் எனும் ஆங்கிலத் தேர்வு பெரும்பாலும் தேவைப்படும்.

காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கம் இருக்கும் கன்சல்டன்சிகளிடம் இதற்காகப் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்களுக்குத் தெரிந்தது கட்டணம் கட்டிப் படிக்கிற எம்.எஸ்., எம்.பி.ஏ. பிஎச்.டி. சேர்க்கை பேராசிரியருக்கும் உங்களுக்கும் நடுவில் நடப்பது, நடுவில் ஆள் வேண்டியதில்லை.

உள்ளே போன பிறகு

முதல் இரண்டு வருஷம் (ஜாயிண்டில் மூன்றுகூட ஆகும்) கோர்ஸ் வொர்க். சமூகப்பணிப் பக்கம் கோட்பாடு, தலையீடுகளை உருவாக்கிச் சோதிக்கும் முறை, சமூகநலக் கொள்கை, ஆய்வு முறை. மறுபக்கத்தில் அந்தத் துறையின் பிஎச்.டி. மாணவர்கள் படிக்கிற அதே அடிப்படைப் பாடங்கள், சலுகை கிடையாது. சமூகவியல் என்றால் மார்க்ஸ், வெபர், துர்கெய்ம் மூலநூல்களிலிருந்து. பொருளாதாரம் என்றால் கணக்கு, நிறையக் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் புள்ளியியல். நம் ஊரில் எஸ்பிஎஸ்எஸ்ஸில் கை-ஸ்கொயர் போட்டு அட்டவணை ஒட்டுவதோடு நின்றுவிடுகிறோம், அங்கே ரிக்ரெஷனில்தான் வகுப்பே ஆரம்பிக்கும். கிளம்புவதற்கு முன் கையில் இருக்கும் மாதங்களில் ஆர் (R) எனும் புள்ளியியல் மென்பொருளை இலவசமாக இறக்கிப் பழகிக்கொள்வதுதான் நீங்கள் உங்களுக்கே செய்துகொள்ளும் பெரிய உபகாரம்.

அப்புறம் பிரிலிம்ஸ் எனும் தகுதித் தேர்வு. சில துறைகளில் உட்கார்ந்து எழுதுவது, சிலவற்றில் வீட்டுக்குக் கொடுத்துச் சில நாளில் திருப்பி வாங்குவது, சிலவற்றில் வெளியிடும் தரத்தில் ஒரு கட்டுரை. ஜாயிண்டில் இரண்டு பக்கமும் தேர்வு உண்டு. ஒரு பக்கத்துக் கட்டுரையை மறுபக்கத்துக்கும் காட்டலாமா, ஒரு பாடத்தை இரண்டு கணக்கிலும் சேர்க்கலாமா என்பதை முதல் செமஸ்டரிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. ஆலோசகர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவது அங்கே சர்வ சாதாரணம்.

தேர்வு முடிந்ததும் கேண்டிடேட், அதாவது ஆய்வேடு எழுதத் தகுதி பெற்றவர் ஆவீர்கள். பிறகு ஆய்வுத் திட்டம், கமிட்டி. மிச்சிகனில் ஆய்வேட்டுக் குழுவுக்குக் குறைந்தது நான்கு பேர். ஜாயிண்ட் என்பதால் இரண்டு துறையிலிருந்தும் ஆள் இருப்பார்கள், அவர்களுக்குள் ஒத்துப்போகுமா என்று மூத்த மாணவர்களிடம் காதும் காதும் வைத்தாற்போல் விசாரித்துவிடுவது நல்லது. சமூகப்பணிப் பேராசிரியர் "இதனால் அந்த மக்களுக்கு என்ன பயன்?" என்பார், சமூகவியல் பேராசிரியர் "இதனால் கோட்பாட்டுக்கு என்ன புதுசு?" என்பார். இருவருக்கும் ஒரே அத்தியாயத்தில் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் சீக்கிரம் வெளியே வருவார். மொத்தம் ஐந்திலிருந்து ஏழு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊருக்கே வந்து ஆய்வு செய்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடம் பேட்டி எடுக்கிற ஆய்வென்றால் ஐஆர்பி எனும் அறநெறிக் குழு அனுமதி இல்லாமல் ஒரு ஆளிடம்கூடப் பேட்டி எடுக்கக் கூடாது. முன்கூட்டியே எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகும்.

பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். நம் வழக்கப்படி மேனேஜரிடம் அனுமதி வாங்கி, வார்டன் பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்து, அவரும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "உங்களுக்கு இங்க ஏதாச்சும் குறை இருக்குதா கண்ணு?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் வரும். ஐஆர்பி அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளாது. மேலாளர் கொடுத்தது உள்ளே வர அனுமதி மட்டுமே, பேசச் சம்மதிக்க வேண்டியவர் அந்தப் பெண். எங்கே வைத்துப் பேசுவீர்கள், வார்டனுக்குத் தெரியாமல் அவர் மறுக்க என்ன வழி, பேசியதால் வேலை போனால் என்ன செய்வீர்கள், ஒலிப்பதிவு யார் கைக்கும் போகாமல் எங்கே இருக்கும் என்று வரிசையாகக் கேட்பார்கள். வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது பேருந்து நிலையத்திலோ, ஊரில் அவர் வீட்டிலோ வைத்துப் பேசுவது என்று திட்டத்தையே மாற்ற வேண்டி வரலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் தனி, பிள்ளையின் சம்மதம் தனி. சம்மதப் படிவம் தமிழில் வேண்டும், வெளி மாநிலத் தொழிலாளர் என்றால் ஒடியாவிலோ இந்தியிலோ. அதுவும் செய்தித்தாள் தமிழில் எழுதினால் யாருக்கும் புரியாது, பேசுகிற மாதிரி எழுதுங்கள். கையெழுத்துப் போடப் பயப்படுகிறவர்களுக்கு வாய்மொழிச் சம்மதம் போதும் என்று முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கலாம்.

மலைப் பக்கம் என்றால் இன்னொரு படி. சத்தியமங்கலம், ஆனைமலை இரண்டும் புலிகள் காப்பகம், உள்ளே ஆய்வுக்கு வனத்துறையின் அனுமதி தேவை. அதற்குத் தனியாக மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

பணம்

காட்டை அடமானம் வைக்க வேண்டாம். நல்ல அமெரிக்கப் பிஎச்.டி. படிப்பு கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் தரும். பதிலுக்கு வகுப்பெடுக்கவோ பேராசிரியரின் ஆய்வில் வேலை செய்யவோ வேண்டும். இது இல்லாமல் வெறும் சேர்க்கை மட்டும் தந்தால் நான் போகச் சொல்ல மாட்டேன். ஜாயிண்டில் எத்தனை வருஷத்துக்கு உறுதி, எந்தத் துறை எந்த வருஷம் கொடுக்கும் என்பதையும் கேளுங்கள்.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தினர் போன்றோருக்கு உண்டு. ஆனால் 2022 நெறிமுறையில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளுக்குக் கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். சமூகப்பணிக்காரர்களுக்கு இது நேராக வந்து இடிக்கிற நிபந்தனை. விண்ணப்பிக்கிற வருஷத்து நெறிமுறையைப் படித்துப் பாருங்கள்.

இங்கேயே பதிவு செய்துவிட்டு

வீட்டை விட்டு ஆறேழு வருஷம் போக முடியாதவர்களுக்கு இந்த வழி. யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்டோருக்கு 5 சதவீதம் தளர்வு. படிப்பு குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6, நீட்டிப்பு 2 வருஷம் வரை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 வருஷம். கோர்ஸ் வொர்க் 12 முதல் 16 கிரெடிட், அதில் ஆய்வு நெறி பற்றிய பாடம் கட்டாயம். முன்பு ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று யுஜிசியே வைத்திருந்த நிபந்தனை இப்போது இல்லை, ஆனாலும் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கலாம். எம்.ஃபில். நிறுத்தியாயிற்று. வேலையில் இருப்பவர் பகுதி நேரமாகச் சேரலாம், மேலதிகாரியின் தடையில்லாச் சான்று வேண்டும். 2024 ஜூனிலிருந்து நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை ஜாயிண்ட் ஆக்க வேண்டுமென்றால், அந்த இந்தியப் பல்கலைக்கழகம் தகுதி பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் போட இந்தியப் பல்கலைக்கழகத்துக்கும் தகுதி வேண்டும், நாக் எனும் தர மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பெண் 3.01க்குக் குறையாமல் இருப்பது அதற்கு ஒரு வழி. இரண்டு இடத்திலும் உங்களுக்கு ஒவ்வொரு கைடு, இரண்டு இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டர், ஆய்வேடு ஒன்றே. கைடிடம் "நம்ம சமூகப்பணித் துறைக்கு அப்படி ஒப்பந்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டால் போதாது, ஒப்பந்தத்தில் பிஎச்.டி. என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்கள் கருத்தரங்குக்கும் போட்டோவுக்கும் மேல் போவதில்லை. அது இல்லாவிட்டால் ஃபுல்பிரைட் - நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை இருக்கிறது: இங்கே பதிவு செய்து ஒரு வருஷமாவது ஆனவர்கள் 6 முதல் 9 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போய் இருந்து வரலாம். பட்டம் இங்கேதான், ஆனால் அங்கே ஒரு பேராசிரியரின் பார்வை கிடைத்துவிடும். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இது ஜாயிண்டைவிடச் சரிப்பட்டு வரும் என்பேன்.

பட்டம் வாங்கிய பிறகு

யுஜிசி விதிப்படி வாங்கிய கூட்டுப் பட்டத்துக்குத் தனியாகச் சமநிலைச் சான்று (இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) தேவையில்லை. முழுக்க வெளிநாட்டில் வாங்கியதற்குத் தேவைப்படும், அதற்கு யுஜிசி 2025இல் புதிய விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி.யை ஏற்கலாம் என்று யுஜிசியின் 2018 விதிகளில் இருக்கிறது. ஆனால் 2023 திருத்தம் நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதியாக ஆக்கிவிட்டது. ஆகையால் கிளம்புவதற்கு முன்பே சமூகப்பணியில் நெட் எழுதித் தேறிவிடுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அது ஆயுசுக்கும் செல்லும், பாடமும் இப்போதுதான் சூடாக நினைவில் இருக்கும்.